மினி டிராக்டரைக் காப்பியடித்தால்: எதில் உரிமை உண்டு, எதில் இல்லை

புதுவயலில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவர் ஃபோம் ஷீட்டில் ரிமோட்டில் ஓடும் சின்ன டிராக்டர்களும் டிப்பர்களும் செய்து விற்கிறார். டிப்பர் மட்டும் 70-க்கு மேல் விற்றிருக்கிறது. செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு வெட்டுவதற்கான டெம்ப்ளேட்டையும் ஃபைலாக விற்கிறார். இப்போது தேவகோட்டைப் பக்கம் ஒருவர் அதே டிப்பரை அச்சு அசலாகச் செய்து, கிட்டத்தட்ட அதே பெயரில் விற்கிறார். டெம்ப்ளேட் ஃபைல் வேறு வாட்ஸ்அப்பில் இலவசமாகச் சுற்றுகிறது. வக்கீல் நோட்டீஸ் விடலாமா, போலீசுக்குப் போகலாமா, பானட்டில் ஒட்டும் கம்பெனி ஸ்டிக்கருக்காகத் தன் மேலேயே கேஸ் வருமா என்று கேட்கிறார்.

தம்பி, நான் டிரேட்மார்க் (பெயர், சின்னத்துக்கான உரிமை), டிசைன் (பொருளின் வடிவத்துக்கான உரிமை) வேலையில் இருப்பவன். சொந்த ஊர் பள்ளத்தூர். நம் பக்கத்துப் பிள்ளைகள் செய்யும் இந்த டிராக்டர்களை ஆசையோடு வாங்கி வைத்திருப்பவனும் கூட. அதனால் நீங்கள் கேட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடிப் பதில். டிராக்டரின் உருவத்தில் உங்களுக்கு உரிமை கிடையாது. டிப்பரின் வடிவத்தில் உரிமை வாங்கியிருக்கலாம், அந்த வாய்ப்பு பெரும்பாலும் கைநழுவிவிட்டது. டெம்ப்ளேட் ஃபைல் சந்தேகமில்லாமல் உங்களுடையது. உங்கள் பெயரை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ளலாம், ஆனால் இப்போது வைத்திருக்கும் பெயர் பலவீனமானது. உங்கள் கோபம் முழுக்க டிப்பர் மேல் இருக்கிறது. கவனம் இருக்க வேண்டிய இடம் பெயர்.

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் பெயர் 'செட்டிநாடு' என்று ஆரம்பித்து 'மினி டிராக்டர்' என்று முடிகிறது. முதல் பாதி ஊரைச் சொல்கிறது, இரண்டாம் பாதி பொருளைச் சொல்கிறது. 1999-ஆம் வருட டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவு இப்படிப்பட்ட சொற்களைத் தனி ஒருவருக்கு எழுதிக் கொடுக்கத் தயங்கும். பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது, என்ன வகை என்று சொல்லும் சொற்கள் எல்லோருக்கும் பொது என்பது அதன் அடிப்படை. எந்த ஊர் நெடுஞ்சாலையில் போனாலும் செட்டிநாடு என்று போர்டு போட்ட சாப்பாட்டுக் கடையைப் பார்க்கிறோம். அந்தச் சொல்லை யாராவது ஒருவர் பூட்டி வைக்க முடியுமா? முடியாது, முடியவும் கூடாது. தேவகோட்டைக்காரரும் செட்டிநாட்டில்தான் இருக்கிறார், அவர் செய்வதும் மினி டிராக்டர்தான். 'நான் உள்ளதைத்தானே சொல்கிறேன்' என்று அவர் சொன்னால் நீதிபதி தலையாட்ட வாய்ப்பு அதிகம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நீண்ட காலம் பயன்படுத்தி, அந்தப் பெயரைக் கேட்டாலே வாங்குகிறவர் மனசில் உங்கள் முகம்தான் வருகிறது என்று காட்ட முடிந்தால், சாதாரணச் சொல்லுக்கும் பாதுகாப்பு கிடைக்கும். திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்காக நடந்த சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய் 2015-இல் தீர்ப்பானது. முதலில் பெயரைப் பயன்படுத்தி நல்ல பேர் எடுத்தவரின் உரிமை, பின்னால் வந்து பதிவு வாங்கியவரின் உரிமையைவிட மேலானது என்பதை நீதிமன்றம் அதில் தெளிவாகச் சொன்னது. நம் மாதிரி சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். பதிவு இல்லாவிட்டாலும் முன்னால் பயன்படுத்தியதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழும். தேதி போட்ட பில், கூரியர் ரசீது, ஜிபே வரவு, பழைய வீடியோ, வாங்கியவர் அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் இப்போதே ஒரு இடத்தில் சேர்த்து வையுங்கள். போன் தொலைந்து எல்லாம் போய்விட்டது என்று பின்னால் யாரிடமும் சொல்ல முடியாது.

இருந்தாலும் என் யோசனை, இந்தப் பெயருக்காகச் சண்டை போடாதீர்கள். புதுப் பெயர் வையுங்கள். ஊரையும் பொருளையும் சொல்லாத பெயராக இருக்கட்டும். வீட்டுப் பெயர், நீங்களாகக் கட்டிய ஒரு சொல், டிராக்டருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சொல் என எதுவும் நல்லது. கீழே சின்ன எழுத்தில் 'செட்டிநாட்டில் செய்தது' என்று போட்டுக்கொள்ளுங்கள். அது உண்மை, யாரும் தடுக்க முடியாது. பெயரை முடிவு செய்யும் முன் டிரேட்மார்க் அலுவலகத்தின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள், அதற்குக் காசு இல்லை. பொம்மையும் மாடலும் 28-ஆம் வகுப்பில் வரும். நிஜ டிராக்டர் 12-ஆம் வகுப்பு. தனி ஆள் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். அதிகாரி ஏற்றுக்கொண்டால் டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியாகும். அதிலிருந்து 4 மாதம் வரை யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். பதிவானால் 10 வருடம், அப்புறம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். விண்ணப்பித்த அன்றிலிருந்தே பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று போடலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்து மட்டும் பதிவான பிறகுதான். நம் ஆட்கள் ஸ்டிக்கர் கடையில் அழகுக்காக அதைப் போட்டுவிடுகிறார்கள். பதிவு இல்லாமல் அதைப் போடுவது சட்டப்படி தவறு.

இனி டிப்பருக்கு வருவோம். 'ஒவ்வொரு அளவும் நிஜ டிரெய்லரைப் பார்த்து நானே எடுத்தது, ராத்திரி பகலாக உழைத்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் சட்டம் வேறு ஒன்றைக் கேட்கும்: இதில் நீங்களாகச் சேர்த்தது என்ன? 2008-இல் அமெரிக்காவில் ஒரு வழக்கு நடந்தது. மெஷ்வெர்க்ஸ் என்ற நிறுவனம் டொயோட்டா கார்களை அங்குலம் அங்குலமாக அளந்து கணினியில் முப்பரிமாண மாடல்களாக ஆக்கித் தந்தது. பிறகு அந்த மாடல்களை மற்றவர்கள் பயன்படுத்தியபோது காப்பிரைட் (படைப்பைப் பிரதி எடுக்கும் உரிமை) கேட்டு வழக்குப் போட்டது. அசலை எவ்வளவு உண்மையாகப் பிரதி எடுத்தாலும் அதில் புதிதாக எதுவும் சேரவில்லை என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. அது நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது, சரி. ஆனால் நம் உச்ச நீதிமன்றமும் அதற்குச் சற்று முன், 2007 டிசம்பரில், சட்டத் தீர்ப்புத் தொகுப்புகள் பற்றிய ஒரு வழக்கில், வெறும் உழைப்பும் செலவும் போதாது, குறைந்தபட்சப் படைப்புத் திறனாவது வெளிப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டது. மாஸி 1035 டிராக்டரை அப்படியே 10-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் உள்ள இடைவெளி வரை சரியாக வந்தால், அதற்குக் கைதட்டு உண்டு. உரிமை கிடையாது. இன்னொருவர் அதே டிராக்டரைப் பார்த்து அதே அளவில் செய்வதை நீங்கள் தடுக்க முடியாது.

உங்கள் டிப்பர் இதிலிருந்து கொஞ்சம் மாறுபடுகிறது. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியின் பக்கப் பலகைகளில் நிஜ டிரெய்லரில் இல்லாத ஒரு வளைவு கொடுத்திருக்கிறீர்கள். பின்கதவின் மேல்விளிம்பு நம் பழைய வீட்டு நிலைக்கதவின் மேல்பகுதி மாதிரி செதுக்குக் கோடுகளோடு இருக்கிறது. இது உங்கள் கற்பனை. இதற்கு 2000-ஆம் வருட டிசைன் சட்டத்தில் பதிவு வாங்கியிருக்கலாம். தனி நபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். 10 வருடம், பிறகு இன்னும் 5 வருடம் பாதுகாப்பு. ஆனால் ஒரே ஒரு கடுமையான நிபந்தனை: விண்ணப்பிக்கும் முன் அந்த வடிவம் எங்கேயும் வெளியாகியிருக்கக் கூடாது. வீடியோ போட்டாலும் சரி, ஒன்றை விற்றாலும் சரி, புதுமை போய்விட்டது. நீங்கள் வீடியோவும் போட்டுவிட்டீர்கள், 70-ம் விற்றுவிட்டீர்கள்.

'சரி, டிசைன் பதிவு போனால் போகட்டும், காப்பிரைட் தானாகவே வருமே' என்று பலர் நினைக்கிறார்கள். 1957-ஆம் வருட காப்பிரைட் சட்டத்தின் 15-ஆம் பிரிவைப் படியுங்கள். டிசைனாகப் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, அதைப் பயன்படுத்தித் தொழில்முறையில் 50-க்கு மேல் பொருள் செய்துவிட்டால், அந்த டிசைனில் காப்பிரைட் முடிந்துவிடும். காரைக்குடியில் லேசரில் கொடுத்து வெட்டி வாங்குவதாகச் சொல்கிறீர்கள், 70 போய்விட்டது. 'கையால் செய்தது, தொழில்முறை இல்லை' என்று வாதாடலாம்தான். லேசர் வெட்டு அந்த வாதத்தின் காலை ஒடித்துவிடும். கலைப்படைப்பு எது, டிசைன் எது என்ற இந்தக் கோடு வக்கீல்களுக்கே தலைவலியாக இருந்தது. 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு சோதனை வகுத்துக் கொடுத்தது. படைப்பு தன்னளவில் கலைப்படைப்பா, இல்லை தொழில்முறையில் பொருளாக்கப்பட்ட டிசைனா என்று முதலில் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் அதன் முதன்மையான நோக்கம் பயன்பாடா அழகா என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். உங்கள் டிப்பர் இதில் டிசைன் பக்கம்தான் விழும் என்பது என் கணிப்பு.

ஆகவே அடுத்து வருகிறதற்குத் தயாராகுங்கள். ரொட்டவேட்டரோ கேஜ் வீலோ புது மாதிரி செய்தால், படம் பிடித்து யாருக்கும் அனுப்பும் முன் டிசைன் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். நண்பர்கள் குழுவில் 'எப்படி இருக்கு' என்று கேட்பது கூட வேண்டாம். பதிவான டிசைனை ஒருவர் திருடினால் ஒவ்வொரு மீறலுக்கும் 25,000 ரூபாய் வரை, ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 வரை கேட்கலாம், அல்லது அதற்குப் பதிலாக நஷ்டஈடும் தடையாணையும் கேட்டு வழக்குப் போடலாம். எல்லாவற்றுக்கும் பதிவு வாங்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு, எது நன்றாக ஓடும் என்று உங்களுக்கே தெரியுமோ அதற்கு மட்டும்.

இப்போது டெம்ப்ளேட். இதில்தான் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. உங்கள் டிப்பரின் இடப்பக்கப் பலகையில், பின்கதவுக் கொக்கிக்கு ஒரு விரல் முன்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. எதற்கும் உதவாத ஓட்டை. முதலில் கொக்கியை அங்கே வைக்க நினைத்து, பிறகு இடம் மாற்றி, டெம்ப்ளேட்டில் அந்தப் புள்ளியை அழிக்காமல் விட்டிருக்க வேண்டும். நீங்கள் அதைப் புட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறீர்கள். தேவகோட்டை டிப்பரிலும் அதே இடத்தில் அதே ஓட்டை, அடைக்காமலே இருக்கிறது. நிஜ டிரெய்லரைப் பார்த்துச் செய்தவனுக்கு அந்த ஓட்டை எங்கிருந்து வரும்? உங்கள் ஃபைலை வைத்து வெட்டினால் மட்டுமே வரும். காப்பியடித்ததை நிரூபிக்க, சரியாக இருப்பது ஒத்துப்போவதைவிடத் தேவையில்லாதது ஒத்துப்போவது பெரிய சாட்சி. அந்த ஓட்டையை இனிமேலும் டெம்ப்ளேட்டிலிருந்து நீக்காதீர்கள். பழைய ஃபைலைச் சேமித்த தேதியோடு அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

வரைபடம், திட்டப்படம் எல்லாம் காப்பிரைட் சட்டத்தில் கலைப்படைப்பு என்ற வகைக்குள் வரும். பதிவு செய்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை, வரைந்த நிமிடமே உரிமை வந்துவிடுகிறது, வரைந்தவர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் நிற்கிறது. உங்கள் ஃபைலைக் காசுக்கு விற்பதும் குழுக்களில் பரப்புவதும் மீறல். ஆனால் இதிலும் எல்லை உண்டு. அந்த ஃபைலை வைத்து ஒருவர் டிப்பர் செய்தார் என்பதற்காக அந்த டிப்பரையே தடுக்கப் போனால், மேலே சொன்ன 15-ஆம் பிரிவு குறுக்கே வரும். 52-ஆம் பிரிவும் வரும். ஒரு தொழில்நுட்ப வரைபடத்தில் உள்ள, வேலைக்கு மட்டுமே பயன்படும் பாகத்தை முப்பரிமாணத்தில் செய்வது மீறல் இல்லை என்கிறது அது. கியர் மோட்டாரில் பெட்டியைத் தூக்க நீங்கள் கண்டுபிடித்த திருகு அமைப்பு இருக்கிறதே, அது அழகான வேலை, ஆனால் காப்பிரைட்டில் நிற்காது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது 'டிப்பர் செய்யாதே' என்பது இல்லை. 'என் ஃபைலைப் பரப்பாதே, விற்காதே' என்பதைக் கேளுங்கள். அதில் உங்களுக்கு நியாயமும் சட்டமும் சேர்ந்து இருக்கிறது.

அந்த ஃபைலோ உங்கள் வீடியோவோ இணையத்தில் எங்காவது ஏற்றப்பட்டிருந்தால், அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 36 மணி நேரத்துக்குள் அவர்கள் அதை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு 21 நாளைக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு காட்டாவிட்டால் அவர்கள் திரும்பப் போட்டுவிடலாம். புகார் கொடுத்த கையோடு அடுத்த வேலையைத் தொடங்கிவிடுங்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பின்கதவில் இருக்கும் காளைப் படத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் அதைப் பெரிதாகவே நினைக்கவில்லை. சிராவயல் மஞ்சுவிரட்டில் தொழுவை விட்டு வெளியே வரும் காளை, கொம்பில் துண்டு, பின்னால் புழுதி. அக்கா வரைந்து கொடுத்தது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தேவகோட்டை டிப்பரில் அதே காளை ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கிறது, வால் பக்கம் மட்டும் வெட்டுப்பட்டு. தம்பி, அந்தப் படத்தின் உரிமை உங்களுக்கு இல்லை, அக்காவுக்கு. வரைந்தவரே முதல் உரிமையாளர். குடும்பத்துக்குள் என்ன எழுத்து என்று விடாதீர்கள். உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அக்காவுக்கு ஒரு தொகையும் கொடுங்கள். எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை 5 வருடம் என்றே எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

அப்புறம் அந்தக் காளையையே உங்கள் முத்திரையாக ஆக்குங்கள். டிப்பர் பெட்டியின் அலங்காரமாக மட்டும் இருந்தால், 50-க்கு மேல் போட்டுவிட்டதால் அதையும் டிசைன் என்று எதிராளி வாதாடப் பார்ப்பார். அதே காளையைப் புதுப் பெயரோடு சேர்த்து டிரேட்மார்க்காகப் பதிந்துவிட்டால் 50 கணக்கெல்லாம் அங்கே கிடையாது, ஐம்பதாயிரம் டிப்பர் செய்தாலும் உரிமை நிற்கும். பார்சல் பெட்டியிலும், பில்லிலும், டிப்பரின் அடிப்பக்கத்திலும் ஒரே மாதிரி வரட்டும். வாங்குகிறவர் காளையைப் பார்த்ததும் உங்களை நினைக்க வேண்டும். உங்களிடம் இருப்பதிலேயே விலை மதிப்புள்ளது அந்தப் படம்தான் என்று நினைக்கிறேன்.

இனி நீங்கள் பயந்து கேட்ட விஷயம், கம்பெனி ஸ்டிக்கர். பயப்படுவது நல்லதுதான். பானட்டில் இருக்கும் பெயரும் சின்னமும் யாரோ ஒருவருடைய சொத்து. 2025-இல்தான் மாஸி பெர்குசன் பெயர் யாருக்கு என்று டிராக்டர் கம்பெனிகளான நம் டாஃபேவுக்கும் அமெரிக்க ஆக்கோவுக்கும் நடந்த வழக்கு முடிவுக்கு வந்து, இந்தியா, நேபாளம், பூட்டானில் அந்தப் பெயர் டாஃபேவுக்கு என்று ஆனது. பெயருக்காக இவ்வளவு பெரியவர்கள் மோதிக்கொள்கிற இடத்தில் நாம் ஸ்டிக்கர் கடையில் அச்சடித்து ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

சின்ன வண்டியில் நிஜச் சின்னத்தை ஒட்டுவது மீறலா என்பது உலகம் முழுக்கக் கேட்கப்பட்ட கேள்வி. ஜெர்மனியில் ஆடெக் என்ற பொம்மை நிறுவனம் 24-இல் ஒரு பங்கு அளவில் ரிமோட் ஓபெல் காரை ஓபெல் சின்னத்தோடு விற்றது. ஓபெல் தன் சின்னத்தைப் பொம்மைகளுக்கும் பதிந்து வைத்திருந்தது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போய் 2007-இல் விளக்கம் கிடைத்தது, 2010-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஓபெலுக்கு எதிராக முடித்தது. நிஜக் காரைப் பிரதி எடுக்கும்போது சின்னமும் பிரதியின் ஒரு பகுதி, வாங்குகிறவர் அதைப் பார்த்து ஓபெல்தான் பொம்மை செய்தது என்று நினைக்கமாட்டார் என்பது காரணம். ஆடெக் தன் சொந்தப் பெயரையும் தெளிவாகப் போட்டிருந்தது அதற்கு உதவியது. இது உங்களுக்கு நம்பிக்கை தரும், ஆனால் கேடயமாகாது. நம் சட்டத்தின் 29-ஆம் பிரிவில், பேர் பெற்ற சின்னத்தை வேறு வகைப் பொருளில் நியாயமான காரணமின்றிப் போட்டு ஆதாயம் அடைந்தாலும் மீறல் ஆகலாம். கம்பெனி பொம்மை வகுப்பிலும் பதிந்திருந்தால் நிலைமை இன்னும் இறுக்கம்.

நிறம் கூட சும்மா இல்லை. பச்சையும் மஞ்சளும் ஜான் டியர் என்று உலகத்துக்கே தெரியும். 2017-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு நீதிமன்றம், அதே பச்சை மஞ்சளில் மருந்து தெளிக்கும் கருவி விற்ற இன்னொரு நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நம் சட்டத்திலும் நிறச் சேர்க்கை டிரேட்மார்க் ஆகலாம்.

அமெரிக்காவில் விவசாயப் பொம்மை என்பது பெரிய உலகம். 16-இல் ஒரு பங்கும் 64-இல் ஒரு பங்கும் அங்கே வழக்கமான அளவுகள். அயோவா மாநிலத்தில் டயர்ஸ்வில் என்ற சின்ன ஊரில் இதற்கென்றே தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது, நவம்பரில் பெரிய கண்காட்சி நடக்கும். பின்னால் அந்த ஊருக்கு வந்த எர்டல் கம்பெனி 1945-இல் பிரெட் எர்டல் என்பவர் வீட்டிலேயே அலுமினியத்தை உருக்கி மணல் அச்சில் வார்த்துத் தொடங்கியது. சீக்கிரமே ஜான் டியரிடம் அனுமதி வாங்கிச் செய்ய ஆரம்பித்தார்கள், அந்த அனுமதிதான் தொழிலைத் தூக்கி நிறுத்தியது. நீங்களும் கேட்டுப் பார்க்கலாம். நான்கு நல்ல படத்தோடு, வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், என்ன விலைக்கு என்று கம்பெனியின் சட்டப் பிரிவுக்கு ஒரு கடிதம். பதில் வருமா என்று உறுதி சொல்ல முடியாது. வராத வரை இப்படிச் செய்யுங்கள்: உங்கள் பெயரும் காளையும் பார்சல் பெட்டியில் பெரிதாக இருக்கட்டும், கம்பெனிப் பெயரை உங்கள் கடைப் பெயரிலோ பெட்டியின் தலைப்பிலோ சேர்க்காதீர்கள், 'அந்த மாடலைப் பார்த்துச் செய்தது, கம்பெனிக்குத் தொடர்பில்லை' என்று ஒரு வரி போடுங்கள். ஸ்டிக்கர் இல்லாமல் கொடுத்தால் இன்னும் பாதுகாப்பு. டிப்பரையும் கலப்பையையும் உங்கள் சொந்த நிறத்தில் செய்யுங்கள், அங்கே உங்களை யாரும் கேட்க முடியாது.

ஒரு இடைச்செருகல். விளம்பரத்தில் 'குழந்தைகளுக்கு அருமையான பரிசு' என்று போடுகிறீர்கள். 14 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விளையாடுவதற்கான பொம்மை என்றால் 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிந்த கைவினைஞர்களுக்கு விலக்கு இருக்கிறது. எதிராளி உங்கள் மேல் புகார் எழுத நினைத்தால் முதலில் இதைத்தான் தேடுவார். ஒன்று அந்தப் பதிவை வாங்குங்கள், அல்லது பெரியவர்கள் சேர்த்து வைக்கும் மாடல் என்று சொல்லி அப்படியே விற்றுக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் விடலாமா? இன்றைய நிலையில் வேண்டாம். பதிவில்லாத பெயரை வைத்தும் முடிந்துபோன டிசைன் உரிமையை வைத்தும் 'கேஸ் போடுவேன், கடையை மூடுவேன்' என்று எழுதினால், ஆதாரமில்லாத மிரட்டல் என்று அவரே உங்கள் மேல் வழக்குப் போட டிரேட்மார்க் சட்டத்தின் 142-ஆம் பிரிவும் காப்பிரைட் சட்டத்தின் 60-ஆம் பிரிவும் இடம் தருகின்றன. உங்கள் பானட்டில் இருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பவும் அவருக்குத் தெரியும். போலீஸ் வேண்டவே வேண்டாம். காப்பிரைட் குற்றம் ஜாமீனில் விட முடியாத வகை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் ஸ்டேஷனுக்குப் போனால் ஒரு ஃபோம் ஷீட் டிப்பருக்காக ஒரு ஆள் உள்ளே போகும் நிலை வரலாம். நாளைக்குக் கோவில் திருவிழாவில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

வழக்கு என்றே வந்தால், பதிவான டிரேட்மார்க்கிலும் காப்பிரைட்டிலும் ஒரு வசதி உண்டு. நீங்கள் இருக்கும் இடத்திலேயே, சிவகங்கை மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். வணிக வழக்காகப் போனால், அவசரத் தடையாணை கேட்காத பட்சத்தில், முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் சமரசத்துக்குப் போயாக வேண்டும். எப்படியும் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும் என்றால் இப்போதே பேசலாமே.

காப்பியடிப்பது பற்றி நம் ஊருக்கு ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, நிறம் கலந்த சிமெண்டை ஊற்றி டைல் போடுகிறவர்கள் ஒரே பூவைத் தலைமுறை தலைமுறையாகப் போடுகிறார்கள். யாரும் யாரிடமும் போய் 'இது என் பூ' என்று சண்டை பிடிப்பதில்லை. பழைய மாதிரிகள் பொதுச் சொத்து என்பதில் அங்கே எல்லோருக்கும் உடன்பாடு. ஆனால் அடுத்தவர் பட்டறையின் பெயரைப் போட்டு விற்பதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நம் மினி டிராக்டர்காரர்களுக்கும் இந்தக் கோடு பொருந்தும் என்று மனதார நம்புகிறேன். நிஜ வண்டியைப் பார்த்துச் செய்வது எல்லோருக்கும் பொது. ஒருவர் வரைந்த ஃபைலும், படமும், பெயரும் அவருக்கு மட்டும்.

தேவகோட்டைக்காரரைப் போய்ப் பாருங்கள், போனில் வேண்டாம். இரண்டு டிப்பரையும் மேசையில் வைத்து, அந்த ஓட்டையைக் காட்டுங்கள். அவருக்கே புரியும். கேட்க வேண்டியது நான்கு: ஃபைலைப் பரப்புவதை நிறுத்த வேண்டும், காளைப் படத்தை எடுக்க வேண்டும், நீங்கள் பதியப்போகும் புதுப் பெயரின் பக்கம் வரக் கூடாது, உங்கள் டெம்ப்ளேட்டிலிருந்து டிப்பர் செய்து விற்க ஆசைப்பட்டால் ஒரு டிப்பருக்கு இவ்வளவு என்று உங்களுக்குத் தர வேண்டும். கடைசி ஒன்று சட்டப்படி நீங்கள் வற்புறுத்தக்கூடியது இல்லை, ஒரு நாகரிகம். அவர் ஒப்புக்கொண்டால் அடுத்த டெம்ப்ளேட்டையும் முதலில் அவருக்கே தருவதாகச் சொல்லுங்கள், அவருக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும் அல்லவா. பேசி முடித்ததை ஒரே பக்கத்தில் தமிழிலேயே எழுதி, தேதி போட்டு இருவரும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு டிப்பரின் படத்தையும் ஓட்டை தெரிகிற மாதிரி எடுத்துப் பின்னால் இணையுங்கள், எதைப் பற்றிப் பேசினோம் என்று பிறகு தகராறு வராது. அந்தப் பேச்சுக்குப் போகும் முன் டிரேட்மார்க் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், புதுப் பெயரை அவரிடம் அதற்கு முந்தி வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.